கை எட்டாத தூரம்: கொழும்புக்குப் புதிதாக வந்தவர் கவனத்தைக் காக்கும் வழி

"நாள் முழுக்க ஓட்டம்தான், ஆனால் ஒரு வேலையும் முடியுதில்லை." கொழும்பில் அறை எடுத்துத் தங்கும் முதல் மாதத்தில் அநேகமானோர் வீட்டுக்குச் சொல்லும் வசனம் இது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, ஹற்றன் என்று எங்கிருந்து வந்தாலும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ ஒரு அறை. வெளியே ஹோர்ன் சத்தம், உள்ளே போன் சத்தம். இரண்டையும் நிறுத்த முடியாது என்ற முடிவுக்கு இரண்டாம் கிழமையே வந்துவிடுகிறார்கள்.

ஹோர்னை நிறுத்த முடியாதுதான். மற்றதை நிறுத்துவதற்கு மனவுறுதி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பி இறங்கியவர்கள் நாலாம் நாளே பழையபடி ஆகிவிடுகிறார்கள், ஏனென்றால் களைத்துப்போய் வரும் இரவில் மனவுறுதியும் களைத்துத்தான் இருக்கும். இந்த வழிகாட்டி இரண்டே விடயங்களைப் பிடித்துக்கொள்கிறது: போன் கையிலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்கிறது, உங்களை யார் எந்நேரம் கூப்பிடலாம். தூரமும் நேரமும் சரியாக அமைந்தால் மனவுறுதிக்கு அதிகம் வேலையில்லை.

இலக்கும் சிறியது. மூன்று கிழமை முடிவில், நாளொன்றுக்கு எவரும் எதுவும் குறுக்கிடாத 90 நிமிடம். போனைத் துறக்கச் சொல்லவில்லை. ஓட்டோ பிடிப்பது முதல் வங்கிக் கணக்கு வரைக்கும் அதற்குள் இருக்கும் ஊரில் அது நடக்காத காரியம்.

முதல் மூன்று நாள்: எண்ணுங்கள், எதையும் மாற்ற வேண்டாம்

சி.ஆர். கொப்பியில் அரைத்தாள் கிழித்து நாலாக மடித்து, ஒரு சின்னப் பென்சிலோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்து போடுங்கள். வீட்டுக்காக எடுத்தால் 'வீ', வேலைக்கோ படிப்புக்கோ என்றால் 'வே', மணி பார்க்க என்றால் 'ம', காரணமே இல்லையென்றால் 'சு', அதாவது சும்மா.

போனும் தன்பாட்டில் கணக்கு வைத்திருக்கிறது. 2018இல் வந்த அன்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதி உண்டு. ஐபோனில் அதே ஆண்டு வந்த ஐஓஎஸ் 12 முதல் 'ஸ்கிரீன் டைம்'. அதைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் மொத்த மணித்தியாலத்துக்குத்தான் போகும். அதை விடுங்கள். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: நாளொன்றுக்கு எத்தனை தரம் போனை எடுத்துத் திறந்தீர்கள், எத்தனை நோட்டிபிகேஷன் வந்தது. ஞாயிறு பின்னேரம் இருந்த இருப்பில் ஒரு படம் பார்த்து மூன்று மணித்தியாலம் போவதால் பெரிய சேதமில்லை. மூன்று நிமிடமாக அறுபது தரம் போவதுதான் நாளை அரித்துத் தின்பது.

முதல் நாள் கணக்கைக் கழித்துவிடுங்கள். எண்ணுகிறோம் என்ற நினைப்பிலேயே அன்றைக்கு ஆள் நல்லவராகிவிடுவார். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உண்மை தெரியும்.

அநேகமாக இரண்டு சங்கதி வெளிவரும். ஒன்று, 'ம' எதிர்பார்த்ததைவிடக் கூடவாக இருக்கும். மணி பார்க்க எடுத்த போன் பத்து நிமிடம் கழித்துத்தான் கீழே போகும், அப்போதும் மணி என்னவென்று தெரியாது. இதற்கு மருந்து ஒரு சாதாரணக் கைமணிக்கூடு. இந்த முழு வழிகாட்டியிலும் ஆகச் சுலபமான திருத்தம் இது. இரண்டாவது, போன் சத்தம் போட்டு எடுத்த தடவைகளைவிட 'சு' அதிகமாக இருக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக இதையே அளந்து வந்தவர். 2004இல் ஒருவர் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார். பிந்திய ஆண்டுகளின் அளவீடுகளில் அது 47 விநாடி. குறுக்கீடுகளில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வருபவை அல்ல, ஆள் தன்னைத் தானே குறுக்கிடுபவை என்பதும் அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே சத்தத்தை மட்டும் நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது.

நாலாம் நாள்: முதலில் வீட்டோடு பேசுங்கள், பிறகு போனைத் தொடுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரே செட்டிங்ஸுக்குப் போனவர்கள்தான் ஆகக்கூடத் தோற்கிறார்கள். போனைச் சைலண்டில் போட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் படிக்க உட்காருவார்கள். எடுத்துப் பார்த்தால் அம்மாவின் பதினொரு அழைப்பு, அறை நண்பனுக்கு நாலு, வீட்டுக்காரருக்கு ஒன்று. அன்றோடு திட்டம் முடிந்தது.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கொழும்புக்குப் போன பிள்ளை போன் எடுக்கவில்லையென்றால் பயப்படுவதற்கு இந்த நாட்டில் தாய்மாருக்குப் பல ஆண்டுகளாகக் காரணம் இருந்தது. சோதனைச்சாவடிக் காலத்தைக் கண்டவர்கள் அவர்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் குண்டுவெடிப்புக் காலையில் அழைப்புக் கிடைக்காமல் தவித்த நினைவும் பழையதாகவில்லை. உடனே பதில் வருவதுதான் அவர்களுக்கு 'பிள்ளை சுகம்' என்ற செய்தி. அந்தச் செய்தி வேறு வழியால் கிடைக்கும் என்று காட்டினால் ஒழிய, உங்கள் அமைதி அவர்களுக்குப் பதற்றம்தான்.

செய்ய வேண்டியது இது. நாளொன்றுக்கு ஒரு நிலையான நேரம் சொல்லுங்கள், அந்த நேரத்தில் நீங்களே எடுங்கள். பஸ்ஸில் வரும் நேரத்தைச் சொல்லாதீர்கள். நெரிசலில் தவறும், தவறினால் நம்பிக்கை போகும். அறைக்கு வந்து குளித்த பின், இரவு ஏழேகால் என்பது போல ஒன்று சரி. பேச்சும் நேரடியாக இருக்கட்டும்:

"அம்மா, ஒவ்வொரு நாளும் ஏழேகாலுக்கு நானே எடுப்பன். மற்ற நேரம் எடுக்காட்டி வேலையில நிக்கிறன் எண்டு நினையுங்கோ. ஏதும் அவசரமெண்டால் வட்ஸ்அப்பில வேண்டாம், சும்மா கோல் அடியுங்கோ. முதல் தரம் எடுக்காட்டி உடனே இரண்டாந்தரமும் அடியுங்கோ. அது கட்டாயம் எனக்குக் கேட்கும்."

அந்த 'இரண்டாந்தரம்' வெறும் வாக்குறுதியல்ல. நேர அட்டவணை போட்டு போனின் சத்தத்தை அடக்கி வைக்கும் 'டூ நொட் டிஸ்டேர்ப்' வசதியில், அன்ட்ராய்டில் ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் சத்தம் வரவிடும் ஒரு தெரிவு உண்டு. ஐபோனில் அந்த இடைவெளி 3 நிமிடம். அதை இயக்கிவிட்டு, அம்மாவைக் கொண்டே ஒரு தடவை இரண்டு அழைப்பும் அடிக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். அவர் காதால் கேட்டால்தான் நம்புவார். வட்ஸ்அப் வேண்டாம் என்பதற்குக் காரணம், டேட்டா முடிந்த நேரத்தில் அது அடிக்காது.

முதல் கிழமையில் 'அவசரம்' என்று வரும் இரண்டாவது அழைப்புகளில் பாதி "சாப்பிட்டியா?" என்பதாக இருக்கும். கோபப்பட வேண்டாம். எடுத்து, அரை நிமிடத்தில் பதில் சொல்லி, "ஏழேகாலுக்குப் பேசுறன்" என்று வையுங்கள். ஏழேகாலை நீங்கள் ஒருநாளும் தவறவிடாவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் தானாகக் குறையும். ஒருநாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடக்கம்.

வெளிநாட்டு உறவினர் அழைப்பு தனிக் கதை. ரொறன்ரோவில் மதியச் சாப்பாட்டு ஓய்வில் மாமா எடுக்கும் நேரம் இங்கே இரவு பத்தரை, பனிக்காலத்தில் பதினொன்றரை. அவருக்கு அது பொழுதுபோகும் அரை மணித்தியாலம், உங்களுக்கு அது நித்திரை. ஞாயிறு காலை ஆறரையைக் கொடுத்துப் பாருங்கள். ரொறன்ரோவில் அப்போது சனி இரவு ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. சிட்னியில் ஞாயிறு முற்பகல் பதினொன்று, அங்கே கோடையில் நண்பகல். லண்டன், பாரிஸ் ஆட்களுக்கு ஞாயிறு இரவு ஏழரை பொருந்தும். லண்டனில் அது பிற்பகல் மூன்று, குளிர்காலத்தில் இரண்டு. நேரத்தை நீங்கள் முந்திச் சொன்னால் மரியாதைக் குறைவாக எவரும் எடுப்பதில்லை. சொல்லாமல் எடுக்காமல் விட்டால்தான் "கொழும்புக்குப் போனதும் ஆள் மாறிட்டான்" என்ற பேச்சு.

ஐந்தாம் நாள் பின்னேரம்: போனுக்கு நாற்பது நிமிடம்

வரும் சத்தங்களை மூன்றாகப் பிரியுங்கள். உயிருள்ள ஆள் உங்களோடு பேச எடுப்பது: விடுங்கள். காசு, கடவுச்சொல் சார்ந்தது, அதாவது வங்கியின் குறுஞ்செய்தி, ஒருமுறைக் கடவு இலக்கம் (ஓ.டி.பி.): விடுங்கள். மிச்சம் அனைத்தும், யாரோ யாருக்கோ லைக் போட்டது முதல் கடைகளின் கழிவு விலை வரை: ஒவ்வொரு செயலியாகப் போய் நோட்டிபிகேஷனை மூடுங்கள். மொத்தமாக ஒரே அடியில் மூடினால் வங்கிச் செயலியும் சேர்ந்து மூடப்பட்டு, அடுத்த நாளே எல்லாவற்றையும் திறக்க வேண்டிவரும்.

தெரியாத இலக்கங்களைத் தடுக்கும் வசதியை போனில் போடாதீர்கள். பிக்மீ செயலியில் கூப்பிட்ட ஓட்டோக்காரரும் பார்சல் கொண்டு வருபவரும் தெரியாத இலக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள். வட்ஸ்அப்புக்குள் இருக்கும் அதே பெயருள்ள வசதி வட்ஸ்அப் அழைப்புகளை மட்டும் அமைதியாக்கும், அதைப் போடலாம்.

வட்ஸ்அப்தான் இங்கே முக்கிய களம். பாடசாலைப் பழைய மாணவர், ஊர்க் கோயில், சொந்தக்காரர், வேலை, ரியூசன் வகுப்பு என்று முப்பது குழு சர்வசாதாரணம். குழுவிலிருந்து விலகினால் ஊரில் கேள்வி வரும், விலகவும் வேண்டாம். முதலில் 'எப்போதும்' என்று மியூட் செய்யுங்கள், எட்டு மணித்தியாலம், ஒரு கிழமை என்ற தெரிவுகள் வீண் வேலை. பிறகு ஆர்க்கைவ் செய்யுங்கள். ஆர்க்கைவ் செய்த குழு, உங்கள் பெயரைக் குறிப்பிட்டோ உங்கள் செய்திக்குப் பதிலாகவோ ஏதாவது வந்தால் ஒழியத் தலைகாட்டாது. ஆர்க்கைவை நாளுக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பின் பாருங்கள். முன் திரையில் ஏழெட்டுப் பெயர் மட்டும் மிஞ்ச வேண்டும். படம், வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்களுக்கு டேட்டா கொடுத்து மாளாது.

யூடியூப்பில் 'ஓட்டோபிளே'யை அணைத்து, பார்த்த வரலாற்றை அழித்து நிறுத்திவிட்டால் முகப்பில் பரிந்துரைகள் வராது. தேடினால்தான் கிடைக்கும். வகுப்பு வீடியோவைத் தேடிப் பார்க்கலாம், ஆனால் அது உங்களைத் தேடி வராது. டிக்டொக், பேஸ்புக் ரீல்ஸில் அப்படிப் பூட்ட வழியில்லை. அவற்றைப் போனிலிருந்து நீக்கி, வேண்டுமானால் மடிக்கணினியில் மட்டும் பார்ப்பதே உருப்படி. 15 நிமிட நேர எல்லை போடும் வசதி இருக்கிறது, ஆனால் எல்லை முடிந்ததும் அதை நீக்கும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. பூட்டையும் திறப்பையும் ஒரே ஆணியில் தொங்கவிட்ட மாதிரி.

இங்கே டேட்டா பேக்கேஜைப் பற்றி ஒரு சொல். குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும் தாராளமாகத் தரும் பேக்கேஜும், நள்ளிரவுக்குப் பிந்திய இரவு டேட்டாவும் மலிவாகத்தான் தெரியும். "இரவு டேட்டா வீணாகுது" என்று ஒரு மணிவரை விழித்திருப்பவர்கள் அறைக்கு ஒருவர் இருக்கிறார்கள். எந்நேரமும் பாவிக்கக்கூடிய, அளவு குறைந்த பேக்கேஜ் எடுத்தால் மாத நடுவில் டேட்டாவே உங்களுக்கு எல்லை போடும். இரவு டேட்டா கட்டாயம் வேண்டுமென்றால் பெரிய கோப்புகளைப் படுக்கமுன் இறங்கவிட்டுப் படுத்துவிடுங்கள்.

அறை: ஒரு வயரும் ஒரு மணிக்கூடும்

வாடகை அறைகளில் பிளக் பொயின்ட் பெரும்பாலும் கட்டில் தலைமாட்டில் ஒன்றே ஒன்று இருக்கும். அதனால் போன் தலையணைக்குப் பக்கத்தில் நித்திரை கொள்கிறது. கடைசியாகப் பார்ப்பதும் முதலில் பார்ப்பதும் அதுவாகிறது. மாற்றுவதற்கு 3 மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றும் பற்றரியில் ஓடும் எலாம் மணிக்கூடு ஒன்றும் போதும். புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இரண்டும் கிடைக்கும். வயர் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். தர முத்திரையும் 13 அம்பியர் சதுர முள் பிளக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். மிக மலிவான மெல்லிய வயரில் அயன் பொக்ஸ் மாட்டினால் சூடேறி உருகும்.

வயரைக் கதவடிவரை இழுத்து, போன் அங்கே ஒரு பெட்டியின் மேல் இரவு பத்து மணிக்குப் போய்விட வேண்டும். சத்தம் கேட்கும் தூரம்தான், ஆகவே அம்மாவின் இரண்டாவது அழைப்பு கேட்கும். ஆனால் எடுக்க எழும்ப வேண்டும். அந்த நாலடி நடைதான் முழு மருந்தும். எலாம் மணிக்கூடு இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். "எலாமுக்காக" என்று மூன்றாம் நாள் போன் கட்டிலுக்குத் திரும்பிவிடும்.

படிக்கும் நேரத்தில் இன்னும் தூரம் வேண்டும். மேசையில் கவிழ்த்து வைத்தால் போதாது. கண்ணில் படும்வரை அது நினைவில் ஒரு மூலையைப் பிடித்திருக்கும். மேசை லாச்சியைவிட அலுமாரி நல்லது, அலுமாரியைவிட வெளி விறாந்தை நல்லது.

சத்தத்துக்கு: காலி வீதிப் பக்க யன்னல் என்றால் மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். கடல் பக்க அறைக்காரருக்கு ரயில் சத்தம் இருந்தாலும் அது வந்துபோகும், பழகிவிடும். பார்மசியில் விற்கும் பஞ்சு போன்ற காதடைப்பானை உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காது மடலைப் பின்மேலாக இழுத்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். அப்படியே வாசலில் செருகிவிட்டு "ஒன்றும் அடைக்குதில்லை" என்பவர்கள்தான் அதிகம். காற்றாடியின் ஒரே சீரான இரைச்சலும் உதவி. பாட்டுப் போட்டுப் படிப்பவர்கள் கவனிக்க: நாதஸ்வரம், வீணை பரவாயில்லை, வரி உள்ள பாட்டு வாசிப்பைக் கெடுக்கும், விளங்கும் மொழியில் வரும் பேச்சை மூளை கேட்காமல் விடுவதில்லை. பக்கத்து அறைக்காரரின் சிங்களப் பேச்சு முதல் மாதம் வெறும் சத்தமாக இருந்து, ஆறாம் மாதம் தொல்லையாக மாறினால் உங்கள் சிங்களம் முன்னேறியிருக்கிறது என்று அர்த்தம்.

இருபத்தைந்து நிமிடம்

இப்போதுதான் வேலை. இரண்டு மணித்தியாலம் ஒரே இருப்பில் என்று தொடங்காதீர்கள். 1980களின் கடைசியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவச் சமையலறை மணிக்கூட்டை வைத்துப் பழகிய 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற அளவு தொடக்கக்காரருக்கு இன்றும் பொருத்தம்.

ஒரு தாளில் அடுத்த 25 நிமிடத்தில் செய்யப்போவதை ஒரு வரியில் எழுதுங்கள். 'கணக்கியல் படித்தல்' என்று எழுதினால் வேலை தொடங்காது. 'தேய்மானம், மூன்றாம் கணக்கு, அட்டவணை வரைதல்' என்று எழுதினால் பேனை தானாக நகரும். இடையில் "மின்சார பில் கட்டவில்லையே", "சுதனுக்குப் பதில் போடவில்லையே" என்று நினைப்பு வரும், நிச்சயம் வரும். அதைத் தாளின் ஓரத்தில் இரண்டு சொல்லில் எழுதிவிட்டுத் தொடருங்கள். எழுதியபின் மனம் அதைத் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. நேரம் முடிந்ததும் எங்கே நிறுத்தினீர்கள், அடுத்தது என்ன என்று ஒரு வரி. சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதியது இதோடு தொடர்புடையது: முடியாத வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த ஒரு வரி அதைக் கழற்றிவிட உதவும்.

பிழைக்கும் இடம் ஓய்வு. ஐந்து நிமிட ஓய்வில் போனைத் தொட்டால் அது நாற்பது நிமிடமாகும். தண்ணீர் குடியுங்கள், கொடியில் உடுப்பை எடுங்கள், மொட்டை மாடிக்குப் போய் வாருங்கள். நேரம் பார்ப்பதும் போனில் வேண்டாம், அந்த எலாம் மணிக்கூடே போதும்.

முதல் கிழமை நாளுக்கு இரண்டு 25. இரண்டாம் கிழமை மூன்று. மூன்றாம் கிழமை இரண்டு 45. அதுதான் அந்த 90. நேரம் என்றால் காலை ஐந்தரையிலிருந்து ஏழுவரை; கொழும்பில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறத்தாழ ஆறு மணியளவில் எழும்புகிறது, வீதியின் சத்தம் அதற்குப் பிறகுதான் ஏறும். இரவில் படிப்பவர்கள் நித்திரையைக் குறைத்துத்தான் அதை வாங்குகிறார்கள். அறையில் முடியாவிட்டால் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தைக்காரருக்கு 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். கோப்பிக் கடைகளைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. விலையும் கூட, பாட்டும் கூட.

வீதி

காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் ஏறியவருக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு கையில் கம்பி, மறுகையில் போன், காதில் பஸ்ஸின் பாட்டு, நடத்துனரின் "இஸ்ஸரஹட்ட யன்ட" (முன்னுக்குப் போங்கோ). அதற்குள் செய்தி வாசித்து, பதில் எழுதி, ஒபிஸில் இறங்கும்போதே அன்றைய கவனத்தின் பாதி செலவாகியிருக்கும். பயணத்தை ஓய்வாகவோ வேலையாகவோ, ஒன்றாக மட்டும் வையுங்கள். நின்றுகொண்டு போவதென்றால் ஓய்வுதான்: போன் பையின் உள்ளறையில், கண் வெளியில். கள்ளர் பயத்துக்கும் அதுவே நல்லது. அரை மணித்தியாலம் முந்தினால் இருக்கை கிடைக்கும். கோட்டைக்குப் போகிறவர்கள் கரையோர ரயிலையும் பார்க்கலாம். வெள்ளவத்தையில் ஏறினால் இடது பக்கம் முழுக்கக் கடல்.

ஒபிஸ், மற்றும் மொழிக் களைப்பு

புதிதாகச் சேர்ந்தவர் "நான் வட்ஸ்அப்பை மூன்று தரம்தான் பார்ப்பேன்" என்று அறிவித்தால் நன்றாக இராது. அறிவிக்காமல் செய்யுங்கள். பத்தரை, இரண்டு, நாலரை என்று மூன்று நேரத்தில் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் போடுங்கள். அநேகமான இடங்களில் ஒருவரும் வித்தியாசம் காணமாட்டார்கள். மேலாளரின் இலக்கத்துக்கு மட்டும் சத்தம் இருக்கட்டும்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எதுவும் தலைக்குள் ஏறவில்லை என்றால் அது கவனச்சிதறலாக இல்லாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் மின்னஞ்சல், சிங்களத்தில் கூட்டம், தமிழில் வீட்டு அழைப்பு என்று நாள் முழுக்க மொழி மாற்றுவது பெரிய உழைப்பு. ஊரில் ஒரே மொழியில் இருந்தவர் இதைத் தன் சோம்பல் என்று தவறாக நினைத்து, உற்சாகத்துக்கு ரீல்ஸ் பார்க்கப் போகிறார். அடிக்கடி வேண்டிய பத்துப் பன்னிரண்டு வசனங்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கொப்பியில் எழுதி வைத்தால் பாரம் குறையும். கடினமான வாசிப்பை முற்பகலுக்கும் படிவம் நிரப்புவதைப் பின்னேரத்துக்கும் தள்ளுங்கள். நாலு மணிக்குப் பிந்திய தேத்தண்ணி இரவு நித்திரையில் கை வைக்கும்.

போயா

ஊரே மெதுவாகும் ஒரு நாளை மாதாமாதம் இந்த நாடு சும்மா தருகிறது. பூரணை விடுமுறையில் ஒபிஸ் இல்லை, வீதியில் நெரிசல் குறைவு. அன்று காலை இரண்டு மணித்தியாலம் போன் இல்லாமல் வெளியே போய்ப் பாருங்கள். முதல் நாளே வீட்டுக்குச் சொல்லுங்கள். அடையாள அட்டை, மாற்றிய காசு, ஒரு துண்டில் இரண்டு தொலைபேசி இலக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்று எவருக்கும் இலக்கம் மனப்பாடமில்லை. காலிமுகத்திடல் நடைபாதை 1859இல் கட்டி முடிந்தது முதல் காற்று வாங்க வருவோருக்கானதுதான். காலை ஆறரைக்குப் போனால் நடக்கலாம், பின்னேரம் போனால் இறால் வடைக் கூட்டம். முதல் அரை மணித்தியாலம் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருக்கும், பிறகு விட்டுவிடும். வெசாக் பூரணைக்கு இந்தத் திட்டம் சரிவராது. அன்று இரவு பந்தலும் வெளிச்சக் கூடுகளும் பார்க்க முழுக் கொழும்பும் வீதியில்.

குழம்பும்போது

குழம்பும். கிரிக்கெட் போட்டி, தேர்தல், பரீட்சை முடிவு, வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்று ஏதாவது ஒன்று இரண்டாம் கிழமையில் வந்து எல்லாவற்றையும் கலைக்கும். அப்போது எல்லாப் படியையும் ஒன்றாகத் திருப்பிக் கட்ட முயல வேண்டாம். இரண்டை மட்டும் முதலில் மீட்டெடுங்கள்: இரவு போன் கதவடிக்கு, ஏழேகால் அழைப்பு நேரத்துக்கு. மற்றவை அவற்றைத் தொடர்ந்து ஒரு கிழமையில் வந்து சேரும்.

'சு' எழுத்து மட்டும் குறையவே மாட்டேன் என்றால் அறையில் தனியாக இருக்கும் நேரத்தைப் பாருங்கள். புதிதாக வந்தவரின் கை போனுக்குப் போவதற்குத் தனிமைதான் பெரும்பாலும் காரணம், அதைச் செட்டிங்ஸில் திருத்த முடியாது. கிழமைக்கு ஒரு நேரச் சாப்பாடாவது இன்னொருவரோடு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயிலோ, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரோ, தமிழ்ச் சங்கத்துக் கூட்டமோ, முகம் பார்த்துப் பேசும் இடம் ஒன்று வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, சாப்பிட மனமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926.

பொங்கலுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது 'டூ நொட் டிஸ்டேர்ப்' நேர அட்டவணையை நிறுத்தி வையுங்கள், அங்கே அது தேவைப்படாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி அலுமாரிக்குள் வைக்காமல் கதவடியிலேயே விட்டுப் போங்கள். இரவு பஸ்ஸில் திரும்பி வந்து விடிய நாலரைக்கு அறைக்குள் நுழைபவர், அலுமாரியைத் திறந்து வயர் தேடமாட்டார்.